மழையின் பின்னே நகரும் ஊர்

செரங்கெட்டியின் மாபெரும் இடப்பெயர்ச்சியும், அதன் கூடவே பயணிக்கும் கூடார முகாம்களும்

மார்ச் மாதம் முடியும் நேரத்தில், வடக்குத் தான்சானியாவின் என்டூட்டு சமவெளியில் ஓர் ஊரைக் காலி செய்வார்கள். பத்துப் பன்னிரண்டு கூடாரங்கள், ஒரு சமையல் கொட்டகை, கட்டில்கள், மெத்தைகள், சூரிய மின்தகடுகள், தண்ணீர்த் தொட்டிகள், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் ஒரு நீள மேசை. அத்தனையையும் கழற்றி, மடித்து, கயிறு கட்டி லாரிகளில் ஏற்றுவார்கள். முளைக்குச்சிகளைப் பிடுங்கிய குழிகளில் மண்ணைப் போட்டு மிதிப்பார்கள். இரவுதோறும் தீ மூட்டிய இடத்துச் சாம்பலையும் அள்ளிவிடுவார்கள். அதன்பிறகு நல்ல மழை பெய்தால், அங்கே ஒரு பருவம் முழுக்க மனிதர்கள் தங்கியிருந்த சுவடே தெரியாது.

அதே ஊர் ஜூன், ஜூலையில் 150 கிலோமீட்டருக்கும் அப்பால், கென்ய எல்லையை ஒட்டிய கோகடெண்டே பகுதியில் மீண்டும் எழும். காரணம் ஒன்றுதான். அது யாரைப் பார்க்க வந்ததோ, அந்த மந்தை கிளம்பிப் போய்விட்டது.

நிலவாழ் விலங்குகளின் இடப்பெயர்ச்சிகளில் உலகத்திலேயே மிகப்பெரியவற்றுள் ஒன்று இங்கே நடக்கிறது. அதைப் பார்க்க ஆண்டுதோறும் உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். எதைப் பார்த்தோம் என்பதையே எல்லோரும் பேசுகிறோம். எப்படித் தங்கினோம் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. மந்தை பிழைத்திருப்பதற்கும் அந்தக் கேள்விக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

புல் இழுக்கும் பயணம்

இந்தப் பயணத்தின் நாயகன் வில்டபீஸ்ட். மாட்டின் கொம்பும் குதிரையின் பிடரியும் கொண்ட, மான் வகையைச் சேர்ந்த விலங்கு. சுவாஹிலியில் ‘ந்யும்பு’ என்பார்கள். நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கணக்குப்படி சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட்கள், அவற்றுடன் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வரிக்குதிரைகள், லட்சக்கணக்கில் தாம்சன் கெசல் மான்கள். தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்கா, அதை ஒட்டிய கொரங்கோரோ பாதுகாப்புப் பகுதி, எல்லைக்கு அப்பால் கென்யாவின் மாசாய் மாரா ஆகிய மூன்றையும் இவை வலம் வருகின்றன. செரங்கெட்டி பூங்கா மட்டுமே 14,763 சதுர கிலோமீட்டர்.

எதற்காக இந்த அலைச்சல்? விடை மண்ணில் இருக்கிறது. தெற்குச் சமவெளியின் மண், ஓல் டொய்ன்யோ லெங்காய் போன்ற எரிமலைகள் கக்கிய சாம்பலால் ஆனது. அதில் முளைக்கும் குட்டைப் புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் நிறைந்திருக்கின்றன. பால் கொடுக்கும் தாய்க்கும் எலும்பு முற்றாத கன்றுக்கும் அதுதான் வேண்டும். ஆனால் அங்கே மழை குறைவு, ஆண்டுக்கு ஏறக்குறைய 500 மில்லிமீட்டர்தான். மழைக்காலம் முடிந்ததும் புல் காய்ந்துவிடும், குட்டைகள் வற்றி உப்பேறிவிடும். வடக்கிலோ அதைப்போல இருமடங்கு மழை, கோடையிலும் வற்றாத மாரா ஆறு. ஆனால் புல் நெட்டையானது, சத்துக் குறைந்தது. சத்து ஓரிடத்தில், தண்ணீர் வேறிடத்தில். இந்த இரண்டுக்கும் இடையில்தான் மந்தையின் வாழ்க்கை ஓடுகிறது.

டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கில் என்டூட்டு. ஏப்ரல், மே மாதங்களில் நடுச் செரங்கெட்டி வழியாக மேற்கும் வடக்குமாக நகர்வு. ஜூன் வாக்கில் மேற்கே க்ரூமெட்டி ஆறு. ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றின் இரு கரைகளும். நவம்பரில் சிறுமழை தொடங்கியதும் மறுபடி தெற்கு நோக்கி. இது நாள்காட்டி பார்த்து நடக்கும் பயணம் அல்ல. மழை எங்கே பெய்கிறதோ அங்கே திரும்பும். ஒரே வாரத்தில் மந்தை முன்னே போகும், பின்னே வரும், பிரிந்து மீண்டும் சேரும்.

மேய்ச்சலிலும் ஒரு வரிசை இருக்கிறது. வரிக்குதிரைகள் முதலில் வந்து முரட்டுத் தண்டுகளைக் கடித்துத் தின்னும். தாளடி திறந்ததும் வில்டபீஸ்ட்கள் இலைகளை மேயும். அவை மேய்ந்துபோன இடத்தில் துளிர்க்கும் இளம்புல் கெசல் மான்களுக்கு. ஒன்று தின்றதால் அடுத்ததற்குப் பசி தீர்கிறது.

பிப்ரவரியில் என்டூட்டுவில் கன்று ஈனும் காலம். பெரும்பாலான கன்றுகள் மூன்றே வாரங்களுக்குள் பிறந்துவிடும். பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நிற்கும், வெகுசீக்கிரம் தாயோடு ஓடும். அத்தனை கன்றுகள் ஒரே நேரத்தில் வந்து விழுவதால், சிங்கமும் சிவிங்கிப்புலியும் கழுதைப்புலியும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் பிழைத்துக்கொள்ளும். வளையில் குட்டிகளை விட்டுவிட்டு, மந்தையைத் தேடி 40 கிலோமீட்டருக்கும் மேல் நடந்துபோய்த் தின்று, மறுபடி பால் கொடுக்கத் திரும்பி வரும் தாய்க் கழுதைப்புலிகள் இங்கே உண்டு. செரங்கெட்டியில் வேட்டையாடும் விலங்கும் பயணிதான்.

கித்தான் சுவருக்கு அப்பால்

நகரும் முகாம்கள் எழும் இடங்களைச் ‘சிறப்பு முகாம் இடங்கள்’ என்று பூங்கா நிர்வாகம் ஒதுக்குகிறது. அந்த இடத்தில் எதுவும் இருக்காது. குழாய் இல்லை, மின்கம்பி இல்லை, வேலி இல்லை. தேவையானதை எல்லாம் கொண்டுவர வேண்டும், மிஞ்சியதை எல்லாம் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் லாரியில் வரும். குப்பை லாரியில் போகும்.

கூடாரம் கனமான கித்தான் துணியால் ஆனது. உள்ளே கட்டில், போர்வை, ஒரு சிறு மேசை. பின்பக்கம் ஜிப் வைத்துப் பிரித்த குளியலறை. குளியலுக்கு நேரம் சொல்லிவைத்தால், பணியாளர் விறகடுப்பில் காய்ச்சிய வெந்நீரை ஒரு வாளியில் ஊற்றிக் கப்பியால் மேலே ஏற்றிவிடுவார். சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டும். உடல் நனைந்ததும் நிறுத்தி, சோப்பு போட்டு, மறுபடி திறக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் திருப்தியாகக் குளிக்கலாம் என்பது நம் ஊரில் தெரிந்த விஷயம்தான். ஆனால் நான்கு நட்சத்திர விடுதிக்குப் பழகிய உடம்புக்கு அந்த வாளி, தண்ணீரின் மதிப்பை மறுபடி கற்றுக்கொடுக்கிறது.

சமையலறையில் தகரப் பெட்டிதான் ரொட்டி சுடும் அடுப்பு. பெட்டியின் அடியிலும் மூடியின் மேலும் தணலைப் பரப்பி, உள்ளே மாவை வைத்து மூடிவிடுவார்கள். அதிலிருந்து வரும் ரொட்டி எந்த நகரத்துப் பேக்கரிக்கும் குறைந்ததல்ல. சோளமாவில் கிண்டிய உகாலி, கீரை, அவரை. கூடவே சப்பாத்தி, சாய், சம்பூசா. இந்தியக் கடல்வணிகர்களும், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரயில்பாதை போட வந்த இந்தியத் தொழிலாளர்களும் கிழக்கு ஆப்பிரிக்காவில் விட்டுச்சென்ற சுவை அது. இன்று அது அந்த மண்ணின் சாப்பாடாகவே ஆகிவிட்டது. சைவம் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொன்னால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

இருட்டிய பிறகு தனியாக நடக்கக் கூடாது. கூடாரத்திலிருந்து சாப்பாட்டுப் பந்தலுக்கு இருபது அடி என்றாலும், ‘அஸ்காரி’ எனப்படும் காவலர் டார்ச் விளக்கோடு வந்து அழைத்துப் போவார். அவசரத்துக்கு ஊதலோ வாக்கி-டாக்கியோ கொடுத்திருப்பார்கள். விதி ஒன்றே: ஜிப்பைப் போட்டுவிட்டு உள்ளேயே இருங்கள். விலங்குகள் மூடிய கூடாரத்தை ஒரு திடமான பொருளாகப் பார்த்துச் சுற்றிப் போய்விடுகின்றன. வெளியே நடமாடும் மனிதன்தான் அவற்றுக்குப் புதிர்.

ஜூலை, ஆகஸ்டில் இரவு நன்றாகவே குளிரும். படுக்கையில் வெந்நீர் நிரப்பிய ரப்பர் பையை வைத்திருப்பார்கள். படுத்த பிறகுதான் இந்தத் தங்கலின் அசல் பலன் தொடங்குகிறது. வில்டபீஸ்ட்களின் முனகல் இரவு முழுக்க ஓயாது. தாயும் கன்றும் ஒன்றையொன்று கூப்பிடும் ஒலி அது. இடையே கழுதைப்புலியின் நீண்ட கூவல். சிங்கத்தின் கர்ஜனை எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் கேட்கும். பக்கத்தில் என்றால் கட்டிலே அதிரும். கான்கிரீட் சுவரும் கண்ணாடி ஜன்னலும் இதை எல்லாம் வடிகட்டிவிடும். கித்தான் எதையும் தடுப்பதில்லை. புல்வெளியின் இரவை முழுதாகக் கேட்க வேண்டுமென்றால் நாமும் அதற்குள்ளேதான் படுக்க வேண்டும்.

விடிவதற்கு முன் கூடார வாசலில் காப்பி வந்துவிடும். பூங்காவுக்குள் இரவில் வண்டி ஓட்ட அனுமதி இல்லை என்பதால் முதல் வெளிச்சத்தில் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். பூங்கா வாசலுக்கு வெளியே தங்கியிருப்பவர் வாசல் திறந்து உள்ளே வருவதற்குள், முகாமில் இருப்பவர் மந்தையின் நடுவே நிற்பார். நகரும் முகாமின் மிகப்பெரிய வசதி இதுதான்: தொலைவைக் குறைத்துவிடுகிறது.

ஆற்றங்கரையில் காத்திருப்பு

மாரா ஆற்றை மந்தை கடக்கும் காட்சிதான் தொலைக்காட்சிகளில் பிரபலம். நேரில் அதன் பெரும்பகுதி காத்திருப்புதான். ஆயிரக்கணக்கான விலங்குகள் கரையில் வந்து குவியும். முன்வரிசை தண்ணீரை முகர்ந்து பார்க்கும், பின்வாங்கும். மணிக்கணக்கில் இது நடக்கும். இந்த மந்தைக்குத் தலைமை கிடையாது. ஏதோ ஒன்று இறங்கும், உடனே மற்றவை எல்லாம் பின்னால் பாயும். புழுதி எழும், முதலைகள் நகரும், செங்குத்தான எதிர்க்கரையில் ஏற முடியாமல் சில சறுக்கி விழும்.

இறப்பு இங்கே நிறையவே உண்டு. 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று, சராசரியாக ஆண்டுக்கு 6,250 வில்டபீஸ்ட்கள் மாரா ஆற்றில் மூழ்கிச் சாவதாகக் கணக்கிட்டது. ஏறக்குறைய 1,100 டன் உடல்கள். முதலை தின்பது அதில் மிகச் சிறு பங்குதான். சதை சில வாரங்களில் கரைந்து மீன்களுக்கு உணவாகிறது. பாறுக் கழுகுகளும் மரபூ நாரைகளும் மிச்சத்தை எடுத்துக்கொண்டு பறக்கின்றன. எலும்புகள் ஏழு ஆண்டுகள் வரை மெல்லக் கரைந்து ஆற்றுக்குப் பாஸ்பரசைக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. கரையில் நின்று பார்ப்பவருக்குச் சோகமாகத் தெரிவது, ஆற்றுக்கு ஆண்டு முழுவதற்குமான சாப்பாடு.

வருத்தப்பட வேண்டியது வேறொன்றுக்கு. ஒரு கடவுப் பகுதியில் பத்துப் பத்தாக ஜீப்புகள் முண்டியடிக்கும்போது, மந்தை இறங்க வேண்டிய வழியே அடைபட்டுப்போகிறது. பின்வாங்கிய விலங்குகள் மோசமான, செங்குத்தான இடத்தில் இறங்குகின்றன. 2025 ஜூலையில், செரங்கெட்டியின் வடபகுதியில் சுற்றுலாப் பயணிகள் வண்டியை விட்டு இறங்கி ஆற்றங்கரையில் மந்தைக்குக் குறுக்கே நின்ற காணொளி உலகம் முழுக்கப் பரவியது. யார் மீதும் எளிதாகப் பழி போட்டுவிட்டு நகர முடியாது. “கடக்கிற காட்சி கிடைக்குமா?” என்று கேட்டுக் கேட்டு ஓட்டுநரை விரட்டுவது பயணிகளாகிய நாம்தான்.

மீண்டு வந்த மந்தை

இந்தப் பெருங்கூட்டம் எப்போதும் இப்படியே இருந்ததில்லை. 1880-களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதிக்குள் நுழைந்த மாட்டு வெக்கை நோய், கிழக்கு ஆப்பிரிக்காவின் கால்நடைகளை வாரிக்கொண்டு போனது. மாடுகளை நம்பி வாழ்ந்த மாசாய் மக்கள் பட்டினியில் மடிந்தார்கள். நோய் வில்டபீஸ்ட்களையும் விடவில்லை. அதன்பிறகு பல பத்தாண்டுகள், ஆண்டுதோறும் கன்றுகளைக் கொன்றுகொண்டே இருந்தது.

சுற்றியிருந்த ஊர்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியதும், 1960-களின் தொடக்கத்தில் நோய் வில்டபீஸ்ட்களிடமிருந்தும் மறைந்தது. 1961-இல் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த கூட்டம், 1977-இல் 13 லட்சத்தைத் தாண்டியது. மந்தை பெருகியதும் நெட்டைப் புல் குறைந்தது, அதனால் காட்டுத்தீ குறைந்தது, அதனால் மரங்கள் கூடின. மாட்டுக்குப் போட்ட ஊசி ஒரு புல்வெளியின் முகத்தையே மாற்றியது. அந்த நோயே 2011-இல் உலகிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

செரங்கெட்டியின் விலங்குகளை முதன்முதலில் விமானத்திலிருந்து எண்ணியவர்கள் ஜெர்மனியின் பெர்ன்ஹார்டு கிரிமெக்கும் அவர் மகன் மைக்கேலும். 1959 ஜனவரியில் ஒரு பாறுக் கழுகு மோதி விமானம் விழுந்ததில் மைக்கேல் இறந்தார். கொரங்கோரோ எரிமலை விளிம்பில் அவர் கல்லறை இருக்கிறது. தந்தையும் மகனும் எடுத்த ‘செரங்கெட்டி ஷால் நாட் டை’ ஆவணப்படம் ஆஸ்கர் விருது பெற்றது.

கூடாரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1909-இல் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ரூஸ்வெல்ட், நூற்றுக்கணக்கான சுமைதூக்கிகளுடன் கிழக்கு ஆப்பிரிக்காவில் கூடாரம் அடித்துத் தங்கினார். அவரும் மகன் கெர்மிட்டும் சுட்டு வீழ்த்திய விலங்குகள் 512. இன்று அதே கித்தானுக்கு அடியில் துப்பாக்கிக்குப் பதில் கேமரா இருக்கிறது. கைக்கருவி மாறியது நல்ல மாற்றம். ஆனால் கூடாரத்துக்கு அடியில் இருக்கும் நிலம் யாருடையது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

வேலி, சாலை, மக்கள்

செரங்கெட்டி பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1951-இல். 1959-இல் அதற்குள் மாடு மேய்த்து வாழ்ந்த மாசாய் மக்கள் கொரங்கோரோ பக்கம் வெளியேற்றப்பட்டார்கள். மழையைப் பின்தொடர்ந்து மாடுகளோடு நகர்ந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். இந்த நிலத்தில் தங்குவது எப்படி என்று எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தவர்கள். 2022 ஜூனில் பூங்காவை ஒட்டிய லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டரை அரசு தனியே எல்லைக்கல் நட்டுப் பிரித்தபோது மோதல் வெடித்தது. மாசாய் மக்கள் பலர் காயமடைந்து கென்யாவுக்குள் ஓடினார்கள். மாசாய் இளைஞர் காவல் காக்கும் முகாமில் நிம்மதியாகத் தூங்கும் நாம், இதைத் தெரிந்துகொண்டுதான் தூங்க வேண்டும்.

கென்யப் பக்கம் வேறொரு வழி முளைத்திருக்கிறது. மாசாய் மாராவை ஒட்டிய நிலங்களின் மாசாய் உரிமையாளர்கள், அவற்றைச் சேர்த்துக் காப்பகங்களாகக் குத்தகைக்கு விட்டு மாதந்தோறும் பணம் பெறுகிறார்கள். ஓலாரே மோட்டோரோகி காப்பகத்தில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். குறையில்லாத ஏற்பாடு என்று சொல்ல முடியாது. ஆனால் நிலத்துக்காரருக்கு வருமானமும் விலங்குக்கு வழியும் ஒரே ஏற்பாட்டில் கிடைக்கிறது.

வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. மாராவுக்கும் லோய்ட்டா சமவெளிக்கும் இடையே, 1970-களின் இறுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் போய்வந்தன. நிலம் துண்டாகி வேலிகள் பெருகிய பிறகு அது சுமார் 20 ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. வடக்குச் செரங்கெட்டியை ஊடறுத்து நெடுஞ்சாலை போடும் திட்டம் 2010-இல் வெளியானது. கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் 2014-இல் பூங்காவுக்குள் தார்ச்சாலைக்குத் தடை விதித்தது. மாரா ஆறு பிறக்கும் கென்யாவின் மாவ் காடு பல பத்தாண்டுகளாக அழிக்கப்பட்டு வருகிறது. வறட்சியில் மந்தைக்கு இருக்கும் ஒரே வற்றாத ஆறு மாராதான்.

2025-இல் வெளியான ஓர் ஆய்வு, செயற்கைக்கோள் படங்களைச் செயற்கை நுண்ணறிவால் எண்ணி, வில்டபீஸ்ட்கள் ஆறு லட்சத்துக்கும் குறைவு என்றது. மரத்தடியில் நின்றவை அதில் விடுபட்டிருக்கலாம். கூட்டம் வேறு இடத்தில் இருந்திருக்கலாம். எண்ணும் முறைகள் பற்றிய விவாதம் தொடரட்டும். 13 லட்சம் என்ற எண்ணை நம்பி அலட்சியமாக இருக்க முடியாது என்பது மட்டும் உறுதி.

போக நினைப்பவர்களுக்கு

கன்றுகளைப் பார்க்க ஜனவரி இறுதி முதல் மார்ச் தொடக்கம் வரை என்டூட்டு. ஆற்றைக் கடப்பதைப் பார்க்க ஜூலை இறுதி முதல் அக்டோபர் வரை கோகடெண்டே அல்லது மாசாய் மாரா. மாசாய் மாராவில் ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு நாள் ஒன்றுக்கு 200 டாலர் நுழைவுக் கட்டணம். சிறு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோ சுமைதான், அதுவும் மடங்கும் துணிப்பையில். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில் அதற்கான மையம் இருக்கிறது. மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைக் கேளுங்கள். பிளாஸ்டிக் பைகளுக்குக் கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் தடை.

‘நகரும் முகாம்’ என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது. மரமேடை, நீச்சல்குளம், சிமென்ட் தளம் என்று வளர்ந்து, நகரவே முடியாத முகாம்களும் அந்தப் பெயரில் விற்கப்படுகின்றன. ஆகவே பதிவு செய்வதற்கு முன் கேளுங்கள். பருவம் முடிந்ததும் உண்மையிலேயே பிரித்து எடுக்கிறீர்களா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது? வேலைக்கு இருப்பவர்களில் அந்தப் பகுதிக்காரர் எத்தனை பேர்? மந்தை கரையில் நிற்கும்போது உங்கள் ஓட்டுநர் எவ்வளவு தூரத்தில் வண்டியை நிறுத்துவார்?

கேட்கும் வாடிக்கையாளர்கள் கூடினால் முகாம்கள் மாறும். முகாம்கள் மாறினால் ஆற்றங்கரைகள் திறக்கும். இந்த மந்தையை வாழவைத்தது யாரும் கட்டிய கோட்டை அல்ல. யாரும் எதுவும் கட்டாமல் விட்ட திறந்தவெளி. அங்கே விருந்தாளியாகப் போகும் நாம் செய்யக்கூடிய மிகப்பெரிய மரியாதை, அந்த வெளியில் ஒரு செங்கல்லையும் வைக்காமல் திரும்பி வருவதுதான்.